தேக்கா சந்தையில் ஐந்து நிமிட வியாபாரி

சிங்கப்பூர் தேக்கா சந்தையில், பாத்திமா அக்காவின் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுக் கேட்டு ஒரு வேட்பாளர் வருகிறார்.

"நாடாளுமன்றம் போகிறவர்களுக்கு வியாபார அனுபவம் கட்டாயம் வேண்டும். நான் இருபது வருடம் கம்பெனி நடத்தியவன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அஞ்சு நிமிஷம் கடையைப் பாத்துக்குங்க லா, டாய்லெட் போயிட்டு வந்துடறேன்" என்று அக்கா கிளம்பிவிடுகிறார்.

ஒரு பெண்மணி வந்து, கத்தரிக்காய் என்ன விலை என்கிறார். வேட்பாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். பெண்மணி மறுபடியும் விலை கேட்கிறார்.

"உங்கள் கேள்வியைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார் இருபது வருட அனுபவஸ்தர். பெண்மணி அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

அக்கா திரும்பி வந்து, "வியாபாரம் ஆச்சா?" என்கிறார்.

"நல்ல கலந்துரையாடல் நடந்தது."

"எம்.பி. வேலைக்கு இது போதும் லா" என்கிறார் அக்கா. "கடைக்குத்தான் ஆகாது."