குளிராத அமெரிக்காவுக்கு ஒரு குரங்குக் குல்லா

என் மகள் இருப்பது அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊரில். மருமகன் கோழி டாக்டர். நாமக்கல்லில் படித்துவிட்டு, இங்கே இருக்கிற கோழி போதாதென்று, அங்கேயும் போய்ப் பண்ணைகள் நடுவில் குடியேறிவிட்டார். ஆவணியில் மகளுக்குப் பிரசவம். கூட இருக்க அம்மா வேண்டும். அம்மாவோ, அதாவது என் வீட்டுக்காரி, வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் பனி. அவளுடைய அண்ணி ஒரு தை மாதம் அந்த நாட்டின் வடக்கே மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "மூக்குச்சளி மூக்குலயே கல்லாப் போச்சுங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். என் வீட்டுக்காரிக்கு நம்மூர் மார்கழிக்கே முழங்கால் பிடித்துக்கொள்ளும். மகள் இருக்கிற தெற்கில் குளிரே கிடையாது என்று சொல்லிப்பார்த்தேன்.

"நானும் போயி வெறைச்சுக் கெடந்தா, அவ கொழந்தையப் பாப்பாளா, என்னையப் பாப்பாளா?"

நியாயமான கேள்விதான். அதற்காக மகளைத் தனியாக விடுவதா? மருமகன் டாக்டர்தான், ஆனால் கோழிக்கு. இவளை விமானம் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினேன். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து பிடிவாதம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. திருச்செங்கோட்டு ரிக் லாரி எடுத்து வளர்த்தது. ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவன் நான். சொந்த வீட்டில் போட்ட இரண்டு போரிலும் புழுதிதான் வந்தது. தண்ணீர் லாரி வாசலில் நிற்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரி அதை டிரைவருக்கு விளக்கிச் சொல்வாள்.

முதல் வேலையாகச் சேலம் போய் ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கிவந்தேன். அவளுக்குத் தைரியம் வரட்டுமே என்றுதான்.

"அங்க குளுரே இல்லீன்னு சொன்னீங்க. அப்பறம் இது எதுக்குங்க?"

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. கொடுத்த காசு வீணாகக்கூடாதென்று குல்லாவை நானே மாட்டிப் பார்த்தேன். வெளியே கத்தரி வெயில். தெருநாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. தினமும் நான் சோறு வைக்கிற நாய்.

சரி, ஊரைப் பற்றியாவது நல்லதாகச் சொல்லலாம் என்று மகளுக்குப் போன் போட்டு, அங்கே பார்க்க என்னென்ன உண்டு என்று கேட்டேன். ஆற்றில் ஒரு அணை, தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பைன் மரக்காடு, ஊர் நடுவே பழைய கோர்ட்டு, அதன் உச்சியில் நேரம் தவறிய கடிகாரம், பகலில் புழுக்கம், மாலையில் இடிமழை, மழை விட்டதும் கொசு. "அப்புறம் ரோட்டோரத்துல அண்டா வெச்சுக் கல்லக்கா வேக வெச்சு விப்பாங்கப்பா" என்றாள். நிலக்கடலையைத்தான் சொன்னாள்.

"வேற?"

"அவ்வளவுதாம்ப்பா. சின்ன ஊருப்பா இது."

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரியை மொபெட்டில் உட்காரவைத்து ஜேடர்பாளையம் கூட்டிப்போனேன். காவிரி அணையைக் காட்டி, "இதேதான் அங்கயும். இதா டேமு, இதா தூண்டிக்காரன்" என்று கைடு மாதிரி விளக்கினேன். அவள் வறுத்த மீனை முள் எடுத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இங்கயே இருக்குதே. அப்பறம் எதுக்குங்க அத்தன தூரம் போயிக்கிட்டு?"

மொபெட்டை வீட்டுப் பக்கம் திருப்பினேன். பாதி தூரத்தில் பின்னாலிருந்து அவளாகவே கேட்டாள்: "அந்தக் கல்லக்காய்க்கு உப்புப் போடுவாங்களா?"

விடக்கூடாது என்று அன்று சாயங்காலமே வீடியோ கால் போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. மகள் வாசலில் நின்றாள். முகமெல்லாம் ஈரம்.

"ஏஞ்சாமி, அழுவறியா?" என் வீட்டுக்காரியின் குரலே மாறிவிட்டது.

"வேர்வைம்மா. சும்மா நின்னதுக்கே இப்படி ஊத்துது."

இவள் நம்பவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இதுதான் சமயம் என்று நான் உள்ளே புகுந்தேன்.

"சாமி, ஒரு கரண்டி எடுத்தாந்து மண்ணக் கிண்டிக் காட்டு."

"மாசமா இருக்கறவளக் குனியச் சொல்றீங்களே, அறிவிருக்குதா?" என்றாள் இவள். அதைக் கேட்டு மருமகனே லுங்கியோடு கரண்டி எடுத்துவந்து கிண்டினார். சிவப்பு மண். நம் மேட்டுக்காட்டு மண்ணேதான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தியா புள்ள? நம்மூரு மண்ணு! எழுதி வெச்சுக்க, அங்க ஆயிரமடி எறக்குனாலும் சொட்டுத் தண்ணி வராது."

"இல்லீங்க மாமா" என்றார் மருமகன், மரியாதையாக. "பக்கத்தூட்டுல எம்பது அடியில தண்ணி எடுக்கறாங்க."

என் தொழிலை அந்தக் கரண்டியிலேயே அள்ளிப் புதைத்திருக்கலாம். என் கையில் போன் இல்லை. அதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

"எம்பதடியா? உப்புத் தண்ணிங்களா மாப்பிள்ள?"

"நல்ல தண்ணிங்க அத்தை."

"கோடையிலயும் வருங்களா?"

"வருசம் முச்சூடும் வருங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு போரும் அந்தப் பார்வையில் இருந்தன. பிறகு போனைப் பார்த்து, "கொழந்தத் துணியெல்லாம் நெனைச்ச நேரத்துக்குத் தொவைச்சுப் போடலாம் சாமி. ஆடி பொறக்கறதுக்கு முன்னால வாரேன்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நான் மூச்சுவிடுவதற்குள், "உங்கப்பனும் கூட வாராரு" என்றாள்.

பூமிக்குக் கீழே ஆயிரமடி என்றால் எனக்குப் பயமில்லை. மேலே போனது திருச்செங்கோட்டு மலைப்படி வரைக்கும்தான். அதுவும் கைப்பிடியை விடாமல்.

"எனக்கு அங்க என்ன வேலை?" என்றேன்.

"எம்பதடியில தண்ணி எப்படி வருதுன்னு பக்கத்துல இருந்து பாத்துட்டு வாங்க. வந்து நம்மூட்டுல மூணாவது போரப் போடுங்க."

மகள் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். விமானத்துக்குள் ஏசி ரொம்பக் குளிரும் என்று சொன்னதும் அவள்தான்.

இப்போது பெட்டி கட்டியாகிவிட்டது. ஒரு பெட்டியில் பிள்ளை மருந்தும் பழைய பருத்திச் சேலைத் துணிகளும். என் பையில் எல்லாவற்றுக்கும் மேலே, எட்டினால் எடுக்கிற மாதிரி, குரங்குக் குல்லா. காது வரைக்கும் இழுத்து மாட்டிக்கொள்வேன். கண்ணையும் சேர்த்து மூட முடியுமா என்று நேற்று இழுத்துப் பார்த்தேன். முடிகிறது.