கடல் சூடேறிய வருடத்தில் ஒரு குடம் தண்ணீர்

வறட்சி வரும் என்று வானிலை முன்னறிவிப்பு வெளியானால், ஓடை வற்றும் முன்பே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் லாரியான பவுசரை அனுப்ப வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் அதைக் கோப்பில் போட்டு வைத்தவன் நான்.

பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லச் சூடேறும், பிறகு மெல்லக் குளிரும். அந்த வருடம் கடல் சூடேறி, அதன் மேல் வீசும் காற்றும் தளர்ந்திருந்தது. அப்படியான வருடங்களில் எங்கள் பொகவந்தலாவைக்குத் தென்மேற்கு மழை குறைந்துவிடும். முன்னறிவிப்பை இணைத்து, லயத்து மக்கள் சார்பில் என் பழைய அலுவலகத்துக்கே மனு அனுப்பினேன்.

அதிகாரி தொலைபேசியில் சிரித்தார். "கடல் சூடானா மலையில இருக்கிற உங்களுக்கு என்ன சார்? ஓடை வத்தட்டும், பார்ப்போம்."

ஓடை வற்றியது. தோட்டத் தொட்டியிலிருந்து தேயிலை நாற்றுமேடைக்கு மட்டும் குழாயில் தண்ணீர் போனது. பக்கத்து லயத்துச் சரசு, தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தாள்.

"அந்தக் குழாய வெட்டிருவோங்க ஐயா. செடி குடிக்குது, நம்ம புள்ளைங்க குடிக்கக் கூடாதா?"

"வேண்டாம்மா. வெட்டினா மனுவத் தள்ளிருவாங்க. முறைப்படி வரும்."

"உங்க முறைக்குத் தாகமே எடுக்காதுங்களா?" என்று கேட்டுவிட்டு, குடத்தோடு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கினாள். நிறைகுடத்துடன் ஏறும்போது சறுக்கி விழுந்ததில் தலை பாறையில் மோதியது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

உலகில் கடலைப் போல மெதுவாக மாறுவது எதுவுமில்லை என்று எங்கோ படித்தேன். எழுதியவர் நம் அலுவலகங்களைப் பார்த்ததில்லை போலும். அன்று அவளைத் தடுக்காமல், நானே அந்தக் குழாயை வெட்டியிருக்க வேண்டும்.

பவுசருக்கு அனுமதி வழங்கப்பட்டதாகப் பதில் வந்தது, சரசுவின் கருமாதியன்று.