செம்பட்டைக்காரி ரோனா

ரோனாவின் தலைமுடி செம்பட்டை. வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் அதை அழகு என்று கொண்டாடியிருப்பார்கள். அவள் வந்து சேர்ந்ததோ எங்கள் மீன்பிடித் துறைமுகத்துக்கு. படகுக்குப் போகும் வழியில் செம்பட்டைத் தலை எதிர்ப்பட்டால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஆண்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

"குளிர்ல கடலுக்குப் போகாம இழுத்துப் போத்தித் தூங்க ஒரு சாக்கு வேணும் அவங்களுக்கு. நான் வந்து மாட்டுனேன்" என்று சிரிப்பாள் ரோனா. அவளுக்கு எதையும் சிரித்தே கடந்துவிடுகிற சுபாவம். எனக்கு அது கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் சிரிக்காத நாள் வருஷத்தில் ஒன்று உண்டு. ஜனவரி முதல் தேதி. புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் கருப்புமுடிக்கார ஆணாக இருக்கவேண்டும், கையில் கரியும் ரொட்டியும் உப்பும் கொண்டுவரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். பெண் வந்தால் ஆகாது. செம்பட்டை முடி வந்தால் சுத்தமாக ஆகாது. ரோனா இரண்டும். அதனால் புருஷன் மேக்னஸின் அம்மா எல்ஸ்பெத்தின் வீட்டு வாசலில், யாராவது கருப்புத் தலைக்காரன் உள்ளே போகும்வரை, வருஷா வருஷம் தெருவில் நிற்பாள்.

எல்ஸ்பெத் கெட்டவள் இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் சூப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருபவள் அவள்தான். ஆனால் ஒரு புத்தாண்டில் யாரோ வெள்ளைமுடி விருந்தாளி தெரியாமல் முதலில் உள்ளே வந்துவிட்டான். அந்த வசந்தத்திலேயே எல்ஸ்பெத்தின் புருஷன் போன படகு திரும்பவில்லை. அதிலிருந்து அவளுக்கு இந்த விஷயத்தில் விளையாட்டே கிடையாது.

போன டிசம்பரில் ரோனா என்னிடம் சொன்னாள்: "மோரா அக்கா, மேக்னஸ் அபர்டீன் டவுனுக்கே குடிபோயிடலாங்கிறார். கடல் நடுவுல இருக்கிற எண்ணெய்க் கிணத்து வேலைக்கு அங்கேயிருந்து போறது சுலபமாம். நான்தான் பதில் சொல்லாம இருக்கேன். இந்த வருஷமும் என்னைத் தெருவுல நிக்க வெச்சாங்கன்னா, சரின்னு சொல்லிடப் போறேன்."

சர்ச் ஹாலில் சின்னப் பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்துபவள் அவள்தான். நான் கூடமாட ஒத்தாசை செய்பவள். அவள் போனால் ஹாலைப் பூட்டவேண்டியதுதான்.

அந்த வாரம் பிள்ளைகளுக்குப் புத்தாண்டுப் பை செய்யச் சொல்லிக்கொடுத்தாள். பழைய கட்டம்போட்ட திரைச்சீலையை வட்டமாக வெட்டி, ஓரமெல்லாம் ஓட்டைபோட்டு, கம்பளி நூலைக் கோர்த்து இழுத்தால் பை. உள்ளே இரண்டு பிஸ்கட், காகிதத்தில் மடித்த உப்பு, ஒரு துண்டு கரி. இப்போது யார் வீட்டில் கரி இருக்கிறது? கடற்கரையில் கூழாங்கல் பொறுக்கி வந்து கருப்புப் பெயிண்ட் அடித்தார்கள். கல்லைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் கருப்பானார்கள்.

எல்ஸ்பெத் வீட்டுக்கு எப்போதும் முதலில் போகிறவன் மேக்னஸின் சித்தப்பா மகன் ஆர்ச்சி. சுருள்சுருளாகக் கருகருவென்று முடி. அந்தப் புத்திசாலி கிறிஸ்துமஸ் வாரம் மதுக்கடையில் மீட்புப் படகுக்கு நிதி திரட்ட மொட்டை அடித்துக்கொண்டான். ஊரே கைதட்டியது, நான் உட்பட. வெளியே வந்து குளிரில் தலையைத் தடவிப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"மொட்டைன்னா கருப்புக் கணக்கா, வெள்ளைக் கணக்கா?" என்று ஹாலுக்கு வந்து என்னைக் கேட்டான்.

"முட்டாள் கணக்கு" என்றேன்.

எல்ஸ்பெத்துக்குப் போன் போட்டோம். "முடியே இல்லாதவன் எந்தக் கணக்குலயும் வரமாட்டான். நான் கதவைத் திறக்கப்போறதில்ல" என்று வைத்துவிட்டாள். மேக்னஸ் நடுக்கடலில். ஊரில் மிச்சமிருந்த கருப்புத் தலைகளுக்கெல்லாம் வேறு வீடுகள் பேசியாயிற்று.

ரோனா பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மிரன் ஆர்ச்சியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாம முடி செஞ்சு குடுத்துடலாம் மிஸ்" என்றாள். உடனே வேலை ஆரம்பமாயிற்று. பலூனை ஊதி, மேலே காகிதத் துண்டுகளைப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் பலூனை உடைத்துத் தொப்பியாக்கி, அதன்மேல் கருப்புக் கம்பளி நூலைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டினார்கள். ஆர்ச்சி போட்டுக்கொண்டபோது நனைந்த ஆட்டுக்கிடா மாதிரி இருந்தான். ஆனால் கருப்பு, அதில் சந்தேகமில்லை.

ஜனவரி முதல் தேதி காலையில் பைகளோடு கிளம்பினோம். மற்ற வீடுகளில் சிரித்துக்கொண்டே திறந்தார்கள். கடைசியாகத் துறைமுக முனையில் எல்ஸ்பெத்தின் வீடு. ரோனா பழக்கப்படி தெருவிலேயே நின்றுவிட்டாள். ஆர்ச்சி கதவைத் தட்டினான். எல்ஸ்பெத் திறந்து, அவன் தலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்னடா கண்றாவி?"

"முடிதான் பெரியம்மா. பிள்ளைங்க செஞ்சது."

அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். சிரிப்பு வரப்போகிறது, விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து ஆர்ச்சியின் முடியை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. "ஐயோ, பிடிங்கடா" என்று கத்திக்கொண்டே எல்ஸ்பெத், வீட்டுக்குள் போடும் செருப்போடு தெருவில் இறங்கி ஓடினாள். அவளுக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திப் பூட்டிக்கொண்டது. முடி தண்ணீரில் மிதந்தது.

புத்தாண்டு அன்றைக்குப் பூட்டுக்காரன் வரமாட்டான். எல்ஸ்பெத் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை, பற்கள் தந்தியடித்தன.

ரோனா தன் கோட்டைக் கழற்றி மாமியார் தோளில் போர்த்தினாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, விலகிப் பழையபடி தெருவில் போய் நின்றுகொண்டாள்.

எல்ஸ்பெத் உள்ளே போகவில்லை. "உன்கிட்ட ஏது சாவி?"

"மேக்னஸ் குடுத்தது அத்தை. கல்யாணம் ஆனப்பவே."

"அப்ப இத்தனை வருஷமும் சாவியைக் கையில வெச்சிக்கிட்டா இந்தக் குளிர்ல நின்னே?"

"சாவி இருந்தா போதுமா? நீங்க வான்னு சொல்லணும் இல்ல."

எல்ஸ்பெத் கடலைப் பார்த்தாள். அவள் யாரை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல்முறையாக அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு அவள் மிரனிடம் கை நீட்டி ஒரு பையை வாங்கினாள். பிரித்துக் கல்லைப் பார்த்தாள்.

"இது கல்லாச்சே."

"கருப்பா இருக்குல்ல?" என்றாள் மிரன்.

"இருக்கு" என்று ஒப்புக்கொண்ட எல்ஸ்பெத், பையை ரோனாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "வெறுங்கையோட போகக்கூடாது. வாம்மா. போ."

ரோனா நகரவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான், மறைப்பானேன்? "முதல்லயா அத்தை? நானா?"

"பின்னே யாரு, இந்த மொட்டையா? போடி, பிள்ளைங்க விறைக்குதுங்க" என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள் எல்ஸ்பெத். ரோனா வாசற்படியைத் தாண்டினாள். காற்று இன்னொரு முறை அடித்தது.

"கதவைச் சாத்திடாத" என்று மாமியார் வெளியிலிருந்து கத்தினாள். "நாங்களும் வரணும்."