இவ்வளவு நாளும் ஜெயித்தது யார்?

இன்று எங்கள் ஆன்லைன் விளையாட்டுக் குழுவே கலங்கிப்போனது. ஏமாற்று மென்பொருள் வைத்திருந்தவர்களின் கணக்குகளை நிறுவனம் முடக்கத் தொடங்கியிருந்தது.

பயந்து பயந்து என் கணக்கைத் திறந்தேன். நல்லவேளை, திறந்தது.

ஆனால் விளையாட்டில் என் ஜோடியான மாலதியின் கணக்கு முடங்கியிருந்தது. வெஸ்ட்கேட் பகுதியில் இருக்கும் மலேசியத் தோழி. உடனே போன் செய்தேன்.

அழுதாள். "நான் ஒண்ணுமே செய்யல லா. நான் தோத்து தோத்து அழுவுறேன்னு வீட்டுக்காரர்தான் எனக்குத் தெரியாம அதைப் போட்டு விட்டிருக்காரு. இவ்வளவு நாளா ஜெயிச்சது நான் இல்லையாம்."

ஆறுதல் சொல்லிப் போனை வைத்துவிட்டு என் வெற்றிகளை எண்ணிப் பார்த்தேன். கொஞ்ச நாளாக நானும் நிறைய வெல்கிறேன்.

கணவரிடம் கேட்டேன். "என்ர கம்ப்யூட்டரிலயும் ஏதும் போட்டனீங்களோ?"

"தேத்தண்ணி போடட்டே, குடிக்கிறீரோ?" என்றார்.

தேத்தண்ணி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?