மச்சான் கட்டிய வண்டி

அந்த வண்டியின் முன்கதவுகள் இரண்டும் நீலம். பின்கதவுகளில் ஒன்று வெள்ளை, மற்றது வாடிய கீரையின் பச்சை. முன்னால் பம்பருக்குப் பதில் தண்ணீர்க் குழாய் ஒன்று வளைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. இருக்கைகள் சிமெண்ட் ஆலையின் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றியவை. அரபு நாட்டு ராஸ் அல் கைமாவில் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த வெறும் மணல் தரையில் அது நின்ற கோலம் இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. அதைப் பார்த்து நம்மூர்க்காரர் ஒருவர், வண்டியைக் கட்டியிருக்கிறார்களா, இல்லை பிரித்துப்போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மச்சான் மட்டும் சிரித்தார். "ரெண்டுக்கும் நடுவுல நிக்கு அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை வாங்க, முடிவு சொல்லுதேன்."

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மச்சான் என் மனைவியின் அண்ணன். தூத்துக்குடிக் கரையில் வள்ளம் கட்டுகிற, வள்ளத்துக்கு இஞ்சின் பூட்டுகிற குடும்பம் அவர்களுடையது. அவர் சிமெண்ட் ஆலையின் பட்டறையில் வெல்டர். ஆலைக் கேம்ப்பில் ஒரு அறைக்கு எட்டுப்பேர் என்று தங்கியிருந்தார். என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளுடைய விசாவில் வந்தவன். எட்டாம் வகுப்போடு நின்றவன், கைத்தொழில் எதுவும் தெரியாது. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் சோறு பொங்குவதும், மகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும், மனைவி டூட்டி முடிந்து வரும்போது வெந்நீர் வைப்பதும்தான் என் வேலை. ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார், இது உங்கள் பங்கு என்று அவள் சொல்வாள். அவள் ஒருநாளும் என்னைக் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் கடைக்குப் போனால், "சிஸ்டர் வீட்டுக்காரர் வாறாரு" என்று நம்மவர்கள் சொல்லும்போது என் தலை தானாகக் குனிந்துவிடும். என் பெயர் அந்த ஊரில் அதிகம்பேருக்குத் தெரியாது.

வண்டி தேவைப்பட்டது மகளுக்காக. அவளுக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதல்முதல் நற்கருணை, வாங்குகிற வயது வந்துவிட்டது. எங்களுக்குக் கிட்டிய மாதா கோயில் துபாயில் இருந்தது. அங்கிருந்த மலையாளத்துச் சாமியார், பிள்ளை வெள்ளிக்கிழமைதோறும் ஞானோபதேச வகுப்புக்கு வந்தாக வேண்டும், வராத பிள்ளைக்கு இந்த வருஷம் நன்மை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாடகைக் காரில் ஆள் நிறைந்தால்தான் எடுப்பான். இரண்டு முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் மச்சான் வந்தார். சமாச்சாரத்தைக் கேட்டார். "வண்டி ஒண்ணு கட்டிருவோம் மாப்ள" என்றார். வள்ளம் கட்டிருவோம் என்பதுபோல.

ஒட்டகத்தில் மோதி முன்பக்கம் நொறுங்கிய பிக்கப் ஒன்றின் அடிச்சட்டம், வேறொரு காரின் இஞ்சின், எங்கெங்கோ கிடந்த கதவுகள். பழைய வண்டி உடைக்கிற மைதானத்தில் ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் அரபியில் முத்திரை போட்ட சீட்டும் வாங்கி, ஆலை லாரி டிரைவர்களைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டுவந்து போட்டார். வரைபடம் கிடையாது. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நீளவாக்கில் பார்ப்பார், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார், வெட்டுவார். வெல்டிங் பொறி பட்டு அவருடைய முன்னங்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கருகியிருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரி மருந்து போட்டுவிடுவாள். "ஏட்டி, கறி வெந்துட்டா பாரு" என்று தங்கச்சியிடம் கையை நீட்டுவார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தேன், சும்மா இருந்த நேரம் செபமாலை உருட்டினேன். ஸ்பானர் கேட்டால் பெரும்பாலும் தப்பானதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கேம்ப்பில் இருக்கிற தொழிலாளி சொந்த வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆலையின் சட்டம். எனக்கோ வேலையில்லை, லைசென்சும் இல்லை. அதனால் முல்கியா, அதாவது வண்டி இன்னாருக்குச் சொந்தம் என்கிற அட்டை, என் மனைவியின் பெயரில்தான் எடுக்க வேண்டும் என்று ஆனது. அதற்கு முன் வண்டியைப் போக்குவரத்து ஆபீஸ் மைதானத்தில் சோதனைக்குக் காட்டிப் பாஸ் வாங்க வேண்டும். வாரச் சந்தைக்கு மாடு கொண்டுபோவதுபோல, பாஸாகாத வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் கரையில் புது வள்ளம் முதல்முதல் இறங்கும்போது வெறுமையாக இறங்காது. மாலை போட்டு, வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி, ஒரு சுற்று போய்வந்த பிறகுதான் தொழிலுக்குப் போகும். மச்சானுக்கு அதை மாற்ற மனம் வரவில்லை. "மொத நாளே அடுத்தவன் முதுகுல ஏறிப் போச்சுன்னா, வண்டி காலம் பூராவும் முதுகு தேடும் மாப்ள. பக்கத்துலதானே, மெதுவாப் போயிருவோம்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அப்படியாக, என் மனைவி பூசைக்குக் கட்டுகிற பட்டுச்சேலையிலும், மகள் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையிலும், நான் கல்யாணச் சட்டையிலும், வண்டியின் மூக்கில் பிளாஸ்டிக் பூமாலையுமாக, தேவமாதா மன்றாட்டைச் சொல்லிக்கொண்டு சோதனை மைதானத்துக்குள் போய் இறங்கினோம்.

மைதானத்தில் வரிசையாக லாரிகளும் டாக்ஸிகளும் நின்றன. எல்லா டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். மற்றொருவன், "பாய், மாப்பிள்ளை எங்கே?" என்று இந்தியில் கேட்டான். சுற்றிலும் சிரிப்பு. அதிகாரி வயதான அரபி. அந்தக் காலத்து ஆட்களைப்போல பம்பாய்க்குப் போய்வந்து பழகியவர், இந்தி நன்றாகப் பேசுவார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

"லாரி எங்கே?"

"லாரி இல்ல சாப்" என்றார் மச்சான்.

"லாரி இல்லாமல் இது எப்படி வந்தது?"

"இது... இதுவே வந்தது சாப்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாஸ் ஆகாத வண்டி, பிரேக் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாத வண்டி, அதில் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ரோட்டில் வந்திருக்கிறீர்களே, புத்தி இருக்கிறதா என்று சத்தம் போட்டார். நியாயமான கோபம். "இந்தக் குழந்தையின் அப்பன் யார்?" என்று கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன். காகிதங்களை வாங்கிப் புரட்டினார். வண்டி மனைவி பெயரில். விசா மனைவியுடையது. வீடு மனைவிக்கு ஆஸ்பத்திரி கொடுத்தது. தலையை நிமிர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விசா அவளுடையது, வீடு அவளுடையது, வண்டியும் அவளுடையது. நீ என்ன செய்கிறாய்?"

கேலியாகக் கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் டிரைவர்கள் சிரித்தார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எதற்கென்று புரியாமல் என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பூமி விலகினால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. அப்போது மச்சான் என் தோளில் கையைப் போட்டார். மைதானம் முழுக்கக் கேட்கும்படி, உடைந்த இந்தியில் சொன்னார்: "சாப், இந்த வண்டியைக் கட்டினதே இவர்தான். நான் டிரைவர். சும்மா ஓட்டிட்டு வந்தேன்."

சிரிப்பு நின்றது. அதிகாரியின் முகம் மாறியது. "நீயா? இதையா?" என்றார். என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார், பேசாதே என்பதுபோல. நான் பேசவில்லை.

அதிகாரி சொன்னார்: "நல்லது. கட்டியவன் என் பக்கத்தில் உட்காரட்டும். நானே ஓட்டிப் பார்க்கிறேன்." முன்னிருக்கையில் ஏறினேன். அவர் வண்டியை வேகமாக எடுத்து, மைதானத்தின் கோடியில் சட்டென்று பிரேக் போட்டார். என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. வண்டி கோணாமல் நேராக நின்றது. "பிரேக் எந்த வண்டியுடையது?" என்றார். "அச்சா ஹை, சாப்" என்றேன்; நன்றாயிருக்கிறது என்பதற்குமேல் எனக்கு இந்தி பேச வராது. "இஞ்சின் எந்த வருஷத்தது?" அதற்கும் "அச்சா ஹை." கியர் மாற்றும்போது ஒரு முனகல் கேட்டது. அது என்ன என்றார். அதற்கும் அதே பதில்தான். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, எனக்குக் கைகொடுத்தார். கொடுத்த கையை உடனே விடாமல் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அரிசி களைந்து, துணி துவைத்து வெளுத்த கை. பிறகு கண்களை உயர்த்தி மச்சானின் முன்னங்கைகளைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் என் கையை மெதுவாக விட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ், நன்றாகக் கட்டியிருக்கிறாய்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு மச்சான் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஹேண்ட் பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறது, பின்விளக்கு ஒன்று எரியவில்லை, கதவுகளுக்கெல்லாம் ஒரே நிறம் அடிக்க வேண்டும், அடுத்தமுறை லாரியில் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குறைகளைச் சொன்னது முழுக்க மச்சானிடம். என்னிடம் போகும்போது சொன்னது ஒன்றுதான்: "உன் டிரைவர் நல்ல மனிதன்."

பிறகு லாரியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தோம். வண்டியோடு மாலை இருக்கக் கூடாது என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதை நான்தான் சுமந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றிய பிறகு என் மனைவி, "அண்ணன் சொன்னதை நெனச்சு மனசைப் போட்டு உழப்பாதீங்க" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மச்சானிடம் தனியாகக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "அந்தப் புள்ள உம்ம மொகத்தைப் பாத்துச்சு மாப்ள. எனக்கு வேற ஒண்ணும் தோணல" என்றார்.

இரண்டாம் முறை லாரியில் போனது, முழுக்க வெள்ளை அடித்துக்கொண்டு. பாஸ் ஆனது. முல்கியாவில் என் மனைவியின் பெயரை அரபியில் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவள் வேதாகமத்துக்குள் வைத்தாள். மகள் ஒரு வகுப்பும் தவறவில்லை. இடம் இருந்தவரைக்கும் கேம்ப்பிலிருந்து நம் ஆட்களையும் ஏற்றிக்கொண்டோம். ஆனால் மைதானத்தில் நடந்த பேச்சு எப்படியோ கேம்ப்புக்கு வந்து, அங்கிருந்து கோயில் வரைக்கும் போயிருந்தது. "நீங்க பெரிய மெக்கானிக்காமே, வெளிய காட்டிக்கவே இல்லியே" என்று கைகுலுக்குவார்கள். மச்சான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்பார். நான் சிரிப்பதுபோல் ஏதோ செய்வேன். என் பெயர் அந்த ஊரில் தெரிந்தது அப்போதுதான். அவர் பெயரில் நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மகள் இப்போது இருக்கிற நாட்டில் வண்டி வாங்கினால் பதிவு வீட்டிலிருந்தபடியே முடிந்துவிடுகிறதாம். யாரும் மைதானத்தில் நிற்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. மச்சான் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றி வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வருகிறது. அவர் கொடுத்ததை மறுக்கவும் தெரியாமல், ஏற்றுக்கொள்ளவும் தெரியாமல் நின்றவனின் வெட்கம்.

அந்த வருஷம் புதுநன்மை நாளன்று பூசைக்கு முன்பே போய்விட்டோம். மகள் வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்திருந்தாள். முந்திய நாள்தான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாள். இனி ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லக் கூடாது என்று பயந்துபோய் இருந்தாள். சாமியார் முற்றத்துக்கு வந்து, வண்டியை மந்திரிக்கத் தீர்த்தச் செம்பைக் கொண்டுவரச் சொன்னார். சனம் கூடிவிட்டது. "இத்தனை வாரம் பிள்ளையைக் கொண்டுவந்த வண்டி. இதைக் கட்டியது யார்?" என்று கேட்டார். மச்சான் என்னை முன்னால் தள்ளினார். "எங்க மாப்ளதான் சாமி." இந்தமுறை மொழி தெரியாது என்கிற சாக்கு எனக்கு இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் கீழிருந்து மகளின் குரல் கேட்டது.

"இல்ல சாமி. மாமாதான் கட்டுனாங்க. அப்பா பக்கத்துல உக்காந்து செபமாலை சொன்னாங்க."

சனம் சிரித்தது. என் மனைவிகூட முக்காட்டுக்குள் சிரித்தாள். என் காது இரண்டும் தீயாக எரிந்தன. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"பின்ன, அது சொல்லாமலா சாமி பிரேக்கு புடிச்சுது?" என்றார்.

சாமியார் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். வண்டியின் மேல் தீர்த்தம் தெளித்தார். பிறகு மச்சான் தலையில் தெளித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. எனக்கான தீர்த்தம் பிடரியில் விழுந்து, சட்டைக்குள் குளிர்ச்சியாக இறங்கியது.