மாஸ்டர் வைத்த பரீட்சை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஒரு கொள்கை உண்டு. ஓர் ஆளின் குணம் தெரிய வேண்டுமா, அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். வாய் ஆயிரம் பேசும், பெடல் மேல் இருக்கிற காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார். மச்சானுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும், பெண் கார் ஓட்டுவாளா என்றுதான் முதலில் விசாரித்தார். மனிதர் அப்படி.

முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஸ்கூலை விற்றுவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கும் மனைவிக்கும் கடைசிவரை சோறு போட வேண்டியது, விற்றுவந்த அந்தப் பணம் ஒன்றுதான். அதை எங்கே போடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். நம்பகமான ஆலோசகர் ஒருவரைப் பிடிக்க வேண்டும், அதற்கு என் பரீட்சை போதும் என்றார் மாஸ்டர். மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் வந்தவர் கோட்டு போட்டவர். விற்காமல் தனக்கென்று வைத்துக்கொண்ட பழைய பயிற்சிக் காரின் சாவியை மாஸ்டர் நீட்ட, அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். கடைத்தெரு முனையில் ஒரு சைக்கிள்காரரை உரசப் போனார். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டர் அதை மிதித்தார். தேறவில்லை.

அடுத்து வந்தவன் ஓர் இளைஞன். அடடா, என்ன ஓட்டு! திரும்பும்முன் கண்ணாடி பார்த்தான், தெருவைக் கடந்த கிழவிக்காகப் பொறுமையாக நின்றான். பாதி வழியிலேயே மாஸ்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். எத்தனையோ வருஷத்தில் அவர் அப்படி எடுத்ததில்லை. வீடு திரும்பியதும், அவன் சொன்ன திட்டத்திலேயே மொத்தப் பணத்தையும் போட்டுவிடலாம் என்று முடிவு கட்டினார்.

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. கமிஷன் வாங்காமல் கட்டணத்துக்கு மட்டும் ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாளை, மாஸ்டரைக் கேட்காமலே வரச் சொல்லிவிட்டார். பேச்சுக்கெல்லாம் காசா என்று முணுமுணுத்தபடி மாஸ்டர் சாவியை நீட்டினார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. பஸ்லதான் வந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

மாஸ்டர் மனசுக்குள் பூஜ்யம் போட்டுவிட்டார். அந்த அம்மாள் அதைக் கண்டுகொள்ளாமல் இளைஞன் கொடுத்த தாள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பணத்தைப் பாதியில் எடுத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும், இருப்பதையெல்லாம் இதில் முடக்கினால் அவசரத்துக்குக் கையில் ஒன்றும் நிற்காது என்றார். இதில் அந்தப் பையனுக்கு என்ன கிடைக்கும், அவன் வீட்டுப் பெரியவர்கள் பணத்தையும் இதில்தான் போட்டிருக்கிறானா, இரண்டையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, கட்டணத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இதைச் சொல்லவா காசு என்று மாஸ்டருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பையனின் மானத்தைக் காப்பாற்றிக் காட்டுகிறேன் பார் என்று மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

கமிஷன் எவ்வளவு என்பதைப் பையன் கொஞ்சம் தயங்கினாலும் மறைக்காமல் சொன்னான். ஸ்கூலில் அவர் ஒரு வருஷம் முழுக்க மாடாய் உழைத்துக் கண்ட தொகை அது.

"சரி தம்பி, உங்க அப்பா பணத்தையும் இதுலதானே போட்டிருக்கீங்க?"

"இல்ல சார்." குரலில் அதே பணிவு, அதே நிதானம்.

"ஏன்?"

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு சார். பணம் எப்ப தேவைப்படும்னு சொல்ல முடியாதே."

"அப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் மாஸ்டர்.

பையன் சொன்னான். மாஸ்டரைவிட இரண்டு வயது இளையவர்.