வண்டியில் எத்தனை பேர் படுப்பீங்க?

வேனுக்குள் படுக்கை போட்டுக் கட்டும் கேரவன் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, பிளைவுட் எத்தனை எம்.எம்., ஃபோம் எத்தனை இஞ்ச் என்பதைத்தான். பெட்டை நீளவாக்கில் போடுவதா, குறுக்கே போடுவதா என்று அடுத்துக் கேட்பார்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால், இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம் மூன்று மணிக்கு என் வலது கால் ஒரு வேனின் பிரேக்கை மிதித்தபடி விறைத்துப்போனதைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நாற்பது வருடமாக இருப்பவன் நான். விரல் நசுங்கியிருக்கிறது, வெல்டிங் பொறி கண்ணில் தெறித்திருக்கிறது. அன்றைக்குப் பயந்த மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை.

திருவண்ணாமலை பைபாஸ் ஓரத்தில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் எங்கள் ஷெட். நான் அங்கே மேஸ்திரி. முதல் இருபத்தைந்து வருடம் லாரிதான். வெறும் சேசிஸ் வந்து நிற்கும், கேபினிலிருந்து பின்கதவு வரை நாங்கள் கட்டுவோம். கேபினுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு படுக்கைப் பலகை உண்டு. அதை அடிக்கும்போது டிரைவர் பக்கத்தை விட்டு நகரமாட்டார். “மேஸ்திரி, ரெண்டு இஞ்ச் அகலம் ஜாஸ்தி பண்ணுங்க, பொரண்டா கீழ வுழுந்துடுவேன்” என்பார். மேலே ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விடுவார். லாரியில் ஓட்டுகிறவனுடைய படுக்கை முதல் வேலை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சாக்பீஸ்

கேபின்கள் கம்பெனியிலேயே ரெடியாக வர ஆரம்பித்ததும் எங்களுக்கு வேலை கம்மியாகிவிட்டது. அப்போதுதான் கேரவனுக்கு மாறினோம். முதல் கஸ்டமர் ஒரு வெள்ளைக்காரர். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் வருடக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர். நம் தமிழை நன்றாகவே பேசுவார். பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, பின்னால் பெட் போடச் சொன்னார்.

நான் குறுக்கே போட்டேன். குறுக்கே போட்டால் இடம் மிச்சம், அடியில் சாமான் வைக்கலாம், பார்க்கவும் அழகு. பேனல் அடித்த பிறகு உள் அகலம் ஐந்தேமுக்கால் அடி. மனிதர் ஆறடி மூன்று அங்குலம். வேலையெல்லாம் முடித்து, பாலிஷ் போட்டு, மாலை வேறு மாட்டி வைத்திருந்தேன். அவர் ஏறிப் படுத்தார். காலை ஒரு பக்கம் மடித்தார், மறுபக்கம் மடித்தார், மூலைக்கு மூலை கோணலாகக் கிடந்து பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து சொன்னார்: “மேஸ்திரி, நான் மடிச்சி வைக்கிற சட்டை இல்ல.”

ஷெட்டே சிரித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. மொத்தத்தையும் பிரித்து நீளவாக்கில் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பேப்பரில் படம் போடுவதை விட்டேன். ஷெட்டின் சிமெண்ட் தரையில் வண்டியின் உள்ளளவை அப்படியே சாக்பீஸால் வரைவேன். கதவு எங்கே, சக்கரத்துக்கு மேலே வரும் மேடு எங்கே, சீட்டு எங்கே, எல்லாம் நிஜ அளவு. அப்புறம் பெட்டுக்குக் கட்டம். வீட்டு ஆட்களை வரச் சொல்லி, கட்டத்துக்குள் படுக்கச் சொல்வேன். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அப்புறம்தான் உண்மை வெளியே வரும். ஒருத்தருக்குக் குறட்டை, ஒருத்தருக்குப் பக்கத்தில் ஜன்னல் வேண்டும். நம்ம ஊர்க்காரர்களாக இருந்தால், மலையைப் பார்த்துக் கால் நீட்டலாமா என்று கட்டாயம் ஒரு கேள்வி வரும். “வண்டிக்கு ஏதுங்க தெக்கு வடக்கு? திருப்பி நிறுத்திக்குங்க” என்பேன்.

கோடு போடுவதற்கு முன் அப்போதெல்லாம் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். எத்தனை பேர் படுப்பீங்க?

2. நாலு பேர்

தரணேந்திரன் சார் ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலபுலன் உள்ள ஜைனக் குடும்பம். கர்நாடகாவில் ஆரம்பித்து வடக்கே வரை இருக்கும் அவர்களுடைய கோயில்களையெல்லாம் வண்டியிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. புது வேன் வாங்கி, டிரைவர் ஏழுமலையை ஓட்டச் சொல்லி, குடும்பத்தோடு ஷெட்டுக்கு வந்து இறங்கினார்.

“எத்தனை பேர் படுப்பீங்க சார்?”

“நாலு பேர். நானு, வீட்ல, எங்க அக்கா, பையன். பொழுது சாஞ்சா எங்களுக்குச் சாப்பாடு கெடையாது மேஸ்திரி. அதனால அடுப்பு, மேடைன்னு எடத்த அடைக்காதீங்க. படுக்கைக்கே குடுங்க.”

இப்படித் தெளிவாகச் சொல்கிற கஸ்டமர் கிடைப்பது அபூர்வம். நான் கோடு போட்டேன். படுத்துப் பார்க்கப் போகும் நேரத்தில் கட்டத்துக்குள் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. “இருங்க, இருங்க, அது போவட்டும்” என்று சார் எல்லோரையும் நிறுத்திவிட்டார். எறும்புகள் கடந்து போகும் வரை அத்தனை பேரும் காத்து நின்றோம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, ஆனால் மரியாதையும் வந்தது.

குறுக்குப் பெட் சரிவராது என்பது படுத்ததும் தெரிந்துவிட்டது. உள்பக்கம் படுப்பவர் எழுந்து வர, வெளிப்பக்கம் படுப்பவரைத் தாண்ட வேண்டும். அக்காவுக்கு மூட்டுவலி. ஆகவே பின்னால் நடைவழி விட்டு இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு பெட், சாருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும். அதற்கு முன்னால், பகலில் சோபாவாகவும் இழுத்தால் பெட்டாகவும் ஆகிற ஒன்று, அக்காவுக்கு. பையனுக்கு மேலே அப்பர் பெர்த். துணிக்கு ஒரு பீரோ. எல்லாம் கூட்டினால் ஒன்பது அங்குலம் போதாமல் இடிக்கிறது.

ஒன்பது அங்குலத்துக்கு நான் அரைமணி நேரம் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு பளிச்சென்று தோன்றியது. பீரோவை டிரைவர் சீட்டின் முதுகோடு ஒட்டி நிறுத்திவிட்டால்? சீட்டு சாயாது, நேராக நிற்கும், அவ்வளவுதானே. டேப்பை இழுத்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. அடி அண்ணாமலை கிராமத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர்.

“சீட்டு சாயாதுங்களே மேஸ்திரி” என்றார் மெதுவாக.

எனக்கு வாய் ஜாஸ்தி. “சீட்டு ஓட்டறதுக்கா, சாயறதுக்காய்யா? நீ சாஞ்சிக்கினு ஓட்டினா சார் குடும்பம் எங்க போயி சேர்றது?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தார். நான் ஒன்பது அங்குலம் கண்டுபிடித்த பெருமையில் சாக்பீஸால் அந்த இடத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டேன்.

3. மதியம் மூன்று மணி

பத்து நாள் கர்நாடகாவைச் சுற்றிவிட்டு வந்தார்கள். ஊர் திரும்பிய மறுநாள் ஏழுமலை வண்டியைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்தினார். அப்பர் பெர்த்தின் ஹிஞ்ச் கிறீச்சிடுகிறது, சோபா பூட்டு சரியாக விழவில்லை. சின்ன வேலைதான். மதியம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

திரும்பி வரும்போது மூன்று மணி. வண்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலையைக் காணோம், டீக்கடைப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாவி வண்டியிலேயே இருந்தது. ரிவர்ஸில் ஷெட்டுக்குள் விடலாம் என்று ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். வண்டி ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது.

“மேஸ்திரி! நிறுத்துங்க! அடியில ஆளு! ஆளு!”

கத்தியது செல்வி. எங்களுக்குக் குஷன் கவர் தைக்கிற பெண். கீழே உருண்ட நூல்கண்டை எடுக்கக் குனிந்தவள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் பிரேக்கை மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை. கீழே இருப்பவர் கத்தியிருந்தால்கூட உயிர் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

“இருக்காரா?” என்று கேட்டேன்.

“இருக்காரு. காலை எடுத்துடாதீங்க மேஸ்திரி! சட்ட மேல டயரு ஏறிக்கீது. தோளு பக்கத்துல நிக்கிது. எடுத்துடாதீங்க!”

வாசல் தரை ஷெட்டை நோக்கிச் சரிவு. காலை எடுத்தால் வண்டி பின்னால்தான் போகும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஆனாலும் நம்பிக் காலை எடுக்க முடியவில்லை. ஹேண்ட் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஓர் அங்குலம் உட்காரும். அந்த ஓர் அங்குலத்தில் அந்த மனிதருடைய தோள் இருந்தால்? இரண்டு கையாலும் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செல்விதான் ஓடினாள். மறுபக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கட்டையை உதைத்துச் சொருகினாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரியோடு தரையில் படுத்து, சட்டையைத் தோளிலிருந்து கீழ்வரை கிழித்து வெட்டினாள். “வாங்கண்ணே, இப்டிக்கா வாங்க, எழுந்திரிக்காதீங்க, தலை இடிக்கும்” என்ற அவள் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. ஏழுமலை பாதிச் சட்டையோடு தவழ்ந்து வெளியே வந்தார். பக்கத்துப் பட்டறை ஆட்கள் வந்து என்னைக் கீழே இறக்கினார்கள். என் கால் பிரேக்கை விட்டு வர மறுத்தது.

டயருக்கும் தோளுக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் இருந்திருக்கிறது. இன்ஜின் கிளம்பிய சத்தத்துக்குக்கூட விழிக்காத தூக்கம். அவர் வெளியே வந்த பிறகும் தூக்கம் கலையாத கண்ணோடுதான் என்னைப் பார்த்தார்.

பயம் இறங்கியதும் எனக்குக் கோபம் ஏறியது. “யோவ், அறிவு இருக்குதாய்யா ஒனக்கு? உள்ள நாலு பெட்டு போட்டுக் குடுத்துக்கீறேன். அடியில போயி படுத்துக்கீறியே!”

“அது அவுங்க பெட்டு மேஸ்திரி. அதுல நான் எப்டி படுக்கறது?”

“அப்ப டூருல எங்க படுத்த?”

“அடியிலதான். பத்து நாளும். மத்த வண்டின்னா சீட்ட சாச்சிக்கினு படுத்துப்பேன். இதுல பீரோ இருக்குதே.”

அவர் குற்றம் சொல்லவில்லை. இட்லி ஆறிப்போச்சு என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் பொடதியில் அடித்த மாதிரி இருந்தது. அந்த ஒன்பது அங்குலத்தை நான் எங்கேயிருந்து எடுத்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. பத்து நாள் தரையில், கொசுவில், அரைத் தூக்கத்தில் கிடந்துவிட்டு, நாலு உயிரை அத்தனை தூரம் ஓட்டிப் போய்த் திரும்ப ஓட்டி வந்திருக்கிறார்.

“சார்கிட்ட சொல்லிடாதீங்க மேஸ்திரி. வண்டி அடியில படுத்து மாட்டிக்கினான்னு தெரிஞ்சா, வேற ஆளப் பாத்துப்பாங்க. பொண்ணு காலேஜ்ல கீது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சொல்லிவிட்டேன். அன்றே போன் போட்டேன்.

4. ஐந்தாவது கட்டம்

தரணேந்திரன் சார் மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன், சீட்டைப் பற்றி அன்றைக்கு அடித்த கிண்டல் உட்பட. தப்பு என்னுது சார் என்றேன். செல்வி அந்தக் கிழிந்த சட்டையை எடுத்து வந்து காட்டினாள். டயரின் கோடு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. சார் அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“எறும்புக்கு வழிவிட்டு நின்னமே மேஸ்திரி” என்றார். “காலையில ஏழுமலை வந்து கதவத் தட்டுவாரு. ராத்திரி அவரு எங்க படுத்தாருன்னு பத்து நாள்ல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நாங்க கேக்கல.”

ஏழுமலை தலைகுனிந்து நின்றார், என்னவோ தப்பு அவருடையது போல. அக்காதான் பேச்சை முடித்தார். “அந்த பீரோவைத் தூக்குங்க. நாலு பொடவைய ஒரு பையில போட்டுக்க மாட்டனா நானு?”

பீரோவைக் கழற்றினோம். சாக்பீஸ் எடுத்து, தரையில் வண்டியை மறுபடி வரைந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கட்டம் போட்டேன். மடக்குப் பலகை, பகலில் சுவரோடு நிற்கும், இழுத்தால் படுக்கை. ஏழுமலை ஐந்தரை அடி, குறுக்கே ஐந்தேமுக்கால். தாராளம். போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன், லாரி கேபினில் இருபத்தைந்து வருடம் நான் அடித்த அதே பலகை. அங்கே டிரைவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார், நான் அடித்தேன். இங்கே அவர் வாய்விட்டுக் கேட்டும் நான் சிரித்தேன்.

“படுங்க ஏழுமலை” என்றேன். முதல் தடவையாக ‘ங்க’ போட்டேன்.

அவர் கூச்சத்தோடு சாரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு கட்டத்துக்குள் படுத்தார். இரண்டு முட்டியையும் மடக்கி, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஒருக்களித்து. பாதிக் கட்டம் காலியாக இருந்தது.

“காலை நீட்டுங்க. எடம் இருக்குது.”

“பழகிப்போச்சி மேஸ்திரி” என்றார். “நீட்டினா வண்டி அடியில ஆக்ஸில்ல இடிக்கும்.”

அவர் தலைக்கு மேலே ஷெட்டின் கூரை இருபது அடி உயரத்தில் இருந்தது. செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஏழுமலை ஒரு காலை நீட்டினார், பிறகு இன்னொன்றை. நான் டேப்பை இழுத்து அளவு எடுத்தேன். மறுமுனையைத் தரணேந்திரன் சார் தரையில் மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே பிள்ளைகளே, பிளைவுட் பன்னிரண்டு எம்.எம். போடுங்கள், ஃபோம் நாலு இஞ்சுக்குக் குறையாமல் போடுங்கள். வயதானவர்களுக்கு நீளவாக்கில் கீழ்ப் பெட், உயரமானவர்களுக்குக் குறுக்குப் பெட் வேண்டாம். இதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். எத்தனை பேர் படுப்பீங்க என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்பதில்லை. வண்டியை ஓட்டப்போவது யார் என்று கேட்டு, அவரைக் கூட்டிவரச் சொல்லி, முதல் கட்டத்தை அவருக்குப் போடுகிறேன். மிச்ச இடத்தில்தான் மற்றவர்களுக்கு.

எந்த வண்டியைக் கிளப்புவதானாலும் இப்போது நாலு பக்கமும் குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும், ரிவர்ஸ் போடும்போது வலது கால் தானாகப் போய்ப் பிரேக்கை மிதித்துக்கொள்கிறது.